மோரிஸ் மைனரின் நிறம்

அந்தக் காரின் நிறம் சாம்பல் என்பதுதான் என் ஞாபகம். சந்திரமதி பச்சை என்கிறாள். எங்களிடம் இருக்கும் ஒரே படம் கறுப்பு வெள்ளைப் படம். அதில் கார் இரண்டு பேர் பேச்சுக்கும் இடம் கொடுத்து நிற்கிறது. அலீமைக் கேட்டுப் பார்த்தேன். "நீலம்தானே மாப்ளே?" என்றான். ஆயிரம் காரை விற்றவனைப் போய்க் கேட்டேனே.

ஆகவே இதில் எழுதுவதெல்லாம் அப்படியே நடந்தது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. யார் முதலில் பேசினார்கள், எந்த மாதம், வெயிலா மழையா என்பதெல்லாம் மாறிப்போயிருக்கலாம். ஆனால் கார் விஷயத்தில் நான் பொதுவாகத் தவறுவதில்லை. ஆளின் முகம் மறந்துபோய் அவர் ஓட்டிவந்த வண்டி நினைவிருக்கும் எனக்கு. அதனால் இந்த நிறக் குழப்பத்தைச் சின்ன விஷயமென்று தள்ள முடியவில்லை.

ஐம்பதுகளின் நடுவிலிருந்து தஞ்சோங் பகார் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைப் பக்கத்தில் நின்று பார்த்துச் சரிபார்க்கிற வேலை. அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. அரிசி மூட்டை, சிமெண்டு, பால் டின் என்று எல்லாம் வரும். கார் வரும் நாள்தான் எனக்கு நாள். கிரேன் ஒரு காரைக் கப்பலின் வயிற்றிலிருந்து தூக்கி எடுக்கும். நாலு சக்கரமும் காற்றில் தொங்க, பூனை கவ்விக்கொண்டு போகிற குட்டி மாதிரி, அது மெல்லச் சுழன்றுகொண்டே இறங்கும். உப்புக் காற்றுக்காக உடம்பெல்லாம் மெழுகு பூசியிருக்கும். தரையைத் தொட்டதும் ஸ்பிரிங் ஒரு தடவை அமுங்கி எழும். அந்த ஒரு அசைவை வைத்து, இந்த வண்டி சாலையில் எப்படிப் போகும் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிடுவேன்.

சில கார்கள் முழுதாக வராது. பெரிய மரப்பெட்டிகளில் பாகம் பாகமாக வந்து, லாரியேறி, புக்கித் தீமா தொழிற்சாலைக்குப் போய் அங்கே காராகும். முழுதாக வந்தவற்றைவிட இவற்றின் மேல் எனக்குப் பிரியம் கொஞ்சம் கூடுதல். ஒரு கதவை இங்கிலாந்தில் ஒருவன் அடித்து வளைத்திருப்பான். புக்கித் தீமாவில் இன்னொருவன் அதைப் பிடித்து மாட்டியிருப்பான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கப்போவதே இல்லை. ஆனாலும் கதவு ஒழுங்காகச் சாத்திக்கொள்ளும். இதையே நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வரைக்கும் வந்துவிடுவேன்.

வீடு பஃபலோ ரோட்டில், தேக்கா மார்க்கெட்டுக்கு எதிர்ப்பக்கம், ஒரு கடையின் மாடியில் ஒற்றை அறை. அந்த அறையில் என் புத்தகங்கள், பிராஸ் பாசா ரோட்டுப் பழைய கடைகளில் வாங்கிய இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகைகள், பிறகு சந்திரமதி. இந்த வரிசையைக் கேட்டால் அவளே சிரிப்பாள். "மூணாவதாவாச்சும் வந்தேனே" என்பாள்.

அவள் ஜோகூர் பாருவைத் தாண்டி, கோத்தா திங்கிக்கும் அப்பால், ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பெண். எங்கள் கல்யாணம் சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலில் நடந்தது. பெண் வீட்டார் தோட்டத்து லாரியில் வந்தார்கள். அவள் தானாக இறங்கவில்லை. இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். வழியெல்லாம் வாந்தி. தாலி கட்டும்போது தலை நிற்கவில்லை. "பொண்ணுக்கு என்னா வெக்கம் பாரு" என்று யாரோ பின்னால் மெச்சிக்கொண்டார்கள்.

வண்டி அவளுக்கு ஆகாது. பஸ், லாரி, டாக்ஸி எதுவானாலும் கொஞ்ச தூரத்துக்குள் முகம் வெளுத்து வாயைப் பொத்திக்கொள்வாள். ரயில் ஆகும். ரிக்‌ஷா ஆகும். நடையானால் எவ்வளவு தூரமும் சரி. எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்தாள். இஞ்சியைக் கடித்தாள். யாரோ சொன்னார்கள் என்று செய்தித்தாளை மடித்து வயிற்றில் கட்டிக்கொண்டுகூடப் பார்த்தாள். எதற்கும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு மறுவருடம் அவள் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினோம். ஜோகூர் பாரு வரைக்கும் ரயிலில் வந்துவிட்டோம். கோத்தா திங்கிக்கு ரயில் கிடையாது என்பதால் அங்கே பஸ் ஏறினோம். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றி, மறுநாள் அதே ரயிலில் திரும்பக் கூட்டிவந்தேன். இன்னொரு தடவை இப்படிச் செய்யாதீர்கள் என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார்.

அவள் அம்மா பூவம்மாவுக்கும் இதே கோளாறு. மகளைக் கட்டிக்கொடுக்க லாரியில் வந்து திரும்பியவள் அதற்குப் பிறகு தோட்டத்தை விட்டு நகரவில்லை. இப்படியே நாலு வருடம் ஓடிப்போனது. அம்மாவும் மகளும் பார்த்துக்கொள்ளவில்லை.

"கார்ப் பைத்தியத்துக்குன்னு தேடிப் பிடிச்சுப் பொண்ணு குடுத்திருக்காங்க பாரு" என்பான் அலீம்.

அப்துல் அலீம் என்னோடு இரவு வகுப்பில் இங்கிலீஷ் படித்தவன். சிலிகி ரோட்டில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, வைத்திருந்த பழைய கார்க் கடையில் விற்பனை அவன் பொறுப்பு. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். வாய் ஓயாமல் பேசுவான். ஆனால் கார் வாங்க வந்தவர் உள்ளே உட்கார்ந்து, கதவைத் தானே இழுத்துச் சாத்துகிற நேரத்தில் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவான். கதவுச் சத்தம் அடங்கி, தெருச் சத்தம் தள்ளிப்போய், அந்த ஆள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தன்னந்தனியாக இருப்பார். விற்பனை அந்த மௌனத்தில்தான் முடிகிறது என்று எனக்குத் தோன்றும். அதற்குப் பிறகு பேசுகிறதெல்லாம் தவணையைப் பற்றி.

அறுபதாம் வருடத் தீபாவளிக்குச் சந்திரமதியின் தம்பி தங்கராஜு வந்திருந்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியவன், துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"அக்கா, அம்மாவுக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்கு."

"என்னடா சொல்றே?"

"தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் பாத்தாரு. அப்புறம் ஜோகூர் டாக்டரும் வந்தப்ப பாத்தாரு. உள்ள நரம்பு கெட்டுப்போச்சாம். ஆபரேசன் பண்ணியும் பிரயோசனம் இல்லையாம். ஒரு கண்ணு சுத்தமா இல்ல. இன்னொன்னுல புகையாட்டம் தெரியுதுங்குது. அடுத்த தீபாவளிக்கு அதுவும் இருக்காதுன்னுட்டாங்க."

சந்திரமதி மற்ற தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு, "என்னக் கேட்டுச்சா?" என்றாள்.

"வரச் சொல்லிக் கேக்கல. உன்னால முடியாதுன்னு அதுக்குத் தெரியாதா? சந்திரா இப்ப குண்டாயிட்டாளா, இல்ல ஒல்லியாவே இருக்காளான்னு கேட்டுச்சு. பாத்துட்டு வந்து சொல்றேன்னேன்."

"குண்டாயிட்டேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். தண்ணீர்க் குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

கார்ப் பைத்தியம் பிடித்தவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்றை நான் அப்போது செய்தேன். வேறு யாராக இருந்தாலும், இவளுக்கு வண்டியே ஆகாது என்று விட்டிருப்பார்கள். நான், இவளுக்கு ஏற்ற மாடல் இன்னும் அகப்படவில்லை என்று முடிவு செய்தேன். எனக்கு அது முழு நியாயமாகப் பட்டது. ஒரு காரின் ஆட்டம் இன்னொன்றில் இருக்காது. ஒன்று குலுக்கும், ஒன்று தாலாட்டும். ஒன்றில் தோல் வாசனை, ஒன்றில் பெட்ரோல் வாசனை, ஒன்றில் முன்னால் காற்று வரும் வழி பெரிது. இத்தனை கார்களை இத்தனை நாட்டில் செய்கிறார்கள், அதில் ஒன்றுகூடவா சந்திரமதிக்காகச் செய்திருக்க மாட்டார்கள்?

அலீமிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழமை கடை பாதி நாள்தான். நிக்கிற வண்டியெல்லாம் ஓட்டணும், இல்லாட்டி பேட்டரி செத்துரும். நான் தனியா ஓட்டுறதுக்குத் தங்கச்சியையும் கூட்டிட்டு ஓட்டுவோம்" என்றான்.

இப்படி எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. நான் ஓட்டுவேன். பக்கத்தில் சந்திரமதி, கையில் எலுமிச்சம்பழம். பின்னால் அலீம். ஆஸ்டின் ஏ40 எனக்கு ரொம்பப் பிடித்த வண்டி, அதன் கதவுச் சத்தத்துக்கு நான் எதையும் கொடுப்பேன். கல்லாங் பாலத்துக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாள். ஹில்மன் மின்க்ஸ் இன்னும் கொஞ்சம் தாண்டியது. பீஜோ 403 மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. அந்த மெத்தென்ற ஓட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்துப் படித்து மனப்பாடம். அதில்தான் எல்லாவற்றையும்விட மோசம்.

"படகு மாதிரி இருக்குங்க" என்றாள், சாலையோரம் குனிந்தபடி.

"படகு மாதிரி இருக்கறதுதான் அதோட பெருமை" என்றேன்.

"அந்தப் பெருமைய நீங்களே வெச்சுக்கங்க."

ஃபோக்ஸ்வாகனில் எஞ்சின் பின்னால் இருப்பதால் சூடும் வாசனையும் முன்னே வராது என்று அவளுக்கு விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். "ஒரு கேலனுக்கு எத்தன மைல் போகும்னு கம்பெனிக்காரன் சொல்றான். நாம ஒரு தங்கச்சிக்கு எத்தன மைல்னு சொல்லுவோம்" என்றான் அலீம். அந்த நிலைமையிலும் அவள் சிரித்தாள்.

போதும் என்று அவள் ஒரு தடவையும் சொல்லவில்லை. சனிக்கிழமை மாலை மார்க்கெட்டுக்குப் போகும்போதே எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துக்கொள்வாள். மறுநாள் வெறும் வயிற்றோடு தயாராக உட்கார்ந்திருப்பாள்.

மறுவருடத் தொடக்கத்தில் பத்து லட்சமாவது மோரிஸ் மைனர் செய்துவிட்டார்கள் என்ற செய்தி பத்திரிகையில் வந்தது. அதைக் கொண்டாட இளம் ஊதா நிறத்தில் கொஞ்சம் கார்கள் விட்டிருந்தார்களாம். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். என் மனதுக்கு நெருக்கமான கார் அதுதான். முட்டை மாதிரி உருண்டை, முன்னால் இரண்டு கண், வேகம் அதிகமில்லை. வாத்தியாரும் நர்ஸும் கிளார்க்கும் வாங்குகிற வண்டி. ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் திருப்பலாம். பத்து லட்சம் குடும்பங்கள் அதில் உட்கார்ந்து எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கின்றன என்று நினைத்தபோது, நாங்கள் மட்டும் ஓரமாக நின்று வாந்தியெடுத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

சில வாரம் கழித்து அலீமின் கடைக்கு ஒரு மோரிஸ் மைனர் வந்தது. ஒரு பள்ளிக்கூட ஆசிரியை கொடுத்துவிட்டுப் போன வண்டி. இரண்டு கதவு. அது சாம்பல் நிறம் என்றுதான் நான் பார்த்தேன்.

அந்த ஞாயிறு சாங்கிப் பக்கம் கிளம்பினோம். கேலாங் தாண்டியது. அவள் நிறுத்தச் சொல்லவில்லை. பெடோக் வந்தது. "மோரிஸ்டா அலீம்" என்று நான் சொல்வதற்கும் அவள் என் கையைப் பிடிப்பதற்கும் சரியாக இருந்தது. ஒரு தென்னந்தோப்புக்குள் போகிற மண்பாதை ஓரமாக நிறுத்தினேன். அவள் இறங்கி வழக்கம்போல் குனிந்தாள்.

பக்கத்து மலாய் வீட்டில் இளநீர் கேட்டு வாங்கிவர நானும் அலீமும் போனோம். திரும்பி வந்தபோது அவள் என் இடத்தில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"என்னா தங்கச்சி, எங்கள விட்டுட்டுக் கெளம்பிட்டீங்களா?"

"இந்தப் பக்கம்தான் நெழலு, அண்ணே."

"சும்மா உக்காந்திருக்கறதுக்குக் கொஞ்சம் ஓட்டித்தான் பாருங்களேன். உள்ள யாரு இருக்கா, தென்னமரத்தத் தவிர?"

"மரத்துல முட்டிட்டேன்னா?"

"மரம் வந்து முட்டிச்சின்னு தவுக்கேகிட்ட சொல்லிக்கலாம் லா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன் என்று நினைக்கிறேன். அலீம் இடப்பக்கம் ஏறிக்கொண்டு கிளட்ச், கியர் என்று ஏதோ சொல்லிக்கொடுத்தான். கார் குதித்தது. நின்றது. மறுபடி குதித்தது. கையில் மூன்று இளநீரோடு நான் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக அது நகர்ந்து தோப்புக்குள் போய் மறைந்தது. கியர் கரகரக்கிற சத்தமும் அலீமின் கூச்சலும் மட்டும் கேட்டன. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு பாதை வழியாகத் திரும்பி வந்து, என் காலுக்குப் பக்கத்தில் நின்றது. அவள் முகமெல்லாம் வேர்வை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் கியர் பெட்டியைப் பற்றித்தான் கவலைப்பட்டேன்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். கேலாங் வருவதற்குள் அவள் மறுபடி சாலையோரம் குனிந்து நின்றாள். அலீம் அன்று அதற்குப் பிறகு பேசவே இல்லை. அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் கஞ்சி குடிக்கும்போது நான் சொன்னேன். "மோரிஸ்தான் சரி. பெடோக் வரைக்கும் தாங்கிட்டே. சீட்டுல ஒரு மெத்தை போட்டு, கண்ணாடிய இன்னும் இறக்கி வெச்சா..."

"தோப்புக்குள்ள ஓட்டினப்ப நான் வாந்தி எடுக்கலைங்க."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அந்தக் குதி குதிச்சுது. ஒண்ணும் பண்ணல. எலுமிச்சம்பழத்த எங்க போட்டேன்னே தெரியல. வண்டியில ஒண்ணுமில்லைங்க. நான் உக்கார்ற எடம்தான்."

அதன் பிறகு நாங்கள் இருவரும் பேசவில்லை. எனக்கு மௌனம் புதிதல்ல, ஆனால் அன்றைக்கு இருந்தது வேறு மாதிரி. துறைமுகத்தில் ஒவ்வொரு காரும் இறங்கும்போது, ஒரு நாள் என்னுடையது என்று ஒன்று இறங்கும், அதன் கதவை நான் சாத்திக்கொண்டு உள்ளே தனியாக இருப்பேன் என்று எத்தனையோ வருடம் நினைத்திருக்கிறேன். அந்த நினைப்பில் சந்திரமதி எப்போதும் இடப்பக்கம்தான் இருந்தாள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

மறுநாள் வேலை முடிந்து, மாக்ஸ்வெல் ரோட்டுப் போக்குவரத்துப் போலீஸ் அலுவலகத்தில் பெண்கள் லைசென்ஸ் எடுக்க என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். "ஆம்பளைங்களுக்கு என்னவோ அதான்" என்றார் அங்கிருந்தவர். அதை அப்படியே வந்து அவளிடம் சொன்னேன். அவள் என் தட்டில் மீன் துண்டை ஒன்றுக்கு இரண்டாக வைத்தாள்.

ஃபேரர் பார்க் பக்கம் காலை நேரங்களில் பழகினாள். சொல்லிக்கொடுக்க அலீம் போதும். எனக்குப் பொறுமை போதாது. சத்தம் போட மாட்டேன், ஆனால் இல்லாத பிரேக்கை இடப்பக்கம் மிதித்துக்கொண்டே இருப்பேன். அது சத்தத்தைவிட மோசம் என்று அவள் சொல்லிவிட்டாள். எல் எழுத்துப் பலகையோடு அவள் சிராங்கூன் ரோட்டில் வர ஆரம்பித்ததும் தேக்காவுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்தது. மார்க்கெட்டில் கீரை விற்கிற முத்தாயி அக்கா எனக்குக் கேட்கும்படியே விசாரித்தாள்.

"என்னா சந்திரா, ஐயாவுக்குக் காலுகீலு சரியில்லையா?"

"கால் நல்லாத்தான் இருக்கு அக்கா. எனக்குத்தான் வயிறு சரியில்ல."

முதல் பரீட்சையில் தோற்றாள். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டுவிட்டது. அந்த வாரம் தோட்டத்து லாரி டிரைவர் ஒருவர் வழியாகத் தங்கராஜு சொல்லியனுப்பியிருந்தான். அம்மாவுக்குப் புகை கூடிவிட்டது, இப்போது ஆளை உருவமாகத்தான் தெரிகிறது என்று. சந்திரமதி அழவில்லை. ஃபோர்ட் கேனிங் மேட்டு ரோட்டில் நிறுத்தி எடுத்து, நிறுத்தி எடுத்து, கிளட்ச் வாசனை வரும் வரைக்கும் பழகினாள். அடுத்த தடவை தேறினாள்.

அதற்குள் அந்த மோரிஸ் விற்றுப்போயிருக்கும் என்று எனக்குப் பயம். பிறகுதான் தெரிந்தது, மோரிஸ் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அலீம் வேறு வண்டியைக் காட்டிக்கொண்டிருந்தானாம். "அது நல்ல வண்டி இல்ல சார், எனக்கே மனசு வரல" என்று சொல்லி அனுப்பினானாம். அவன் வாழ்க்கையிலேயே ஒரு காரை விற்காமல் இருக்க அவ்வளவு பாடுபட்டது அப்போதுதான். நாங்கள் சேர்த்து வைத்திருந்ததைக் கொடுத்து வாங்கினோம்.

காளியம்மன் கோயில் வாசலில் பூசை போட நிறுத்தினோம். குருக்கள் சந்தனம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழங்களை வைத்தார். சந்திரமதி ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா, நீங்க எறங்குங்கோ. ஐயா ஏறி நசுக்கட்டும்."

"அவருக்கு ஓட்டத் தெரியும் சாமி. ஆனா ஓட்டறது நான்தான்."

குருக்கள் என்னைப் பார்த்தார். நான் மாலையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்த அலீம், "சாமி, அந்தம்மா அந்தப் பழத்த இவ்வளவு நாளா மோந்து மோந்து அலுத்துப் போச்சு. இன்னிக்கு ஏத்தி நசுக்கட்டும், விடுங்க" என்று கத்தினான். கார் நகர்ந்தது. மூன்று நசுங்கின. ஒன்று மட்டும் சக்கரத்திலிருந்து பிதுங்கி உருண்டு ஓடியது. அதை நான் எடுத்துத் துடைத்து டாஷ்போர்டில் வைத்தேன்.

அந்த வருடத் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் தோட்டத்துக்குப் புறப்பட்டோம். அவள் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டாள். மஞ்சள்தான் அம்மாவுக்குக் கொஞ்சம் தெரிகிறது என்று தங்கராஜு சொல்லியிருந்தானாம். இடப்பக்கம் உட்கார்ந்த எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ஜோகூருக்குக் கடலைக் கடக்கிற காஸ்வேயில் இரண்டு பக்கமும் தண்ணீர் இருப்பதை நான் ஒழுங்காகப் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு அவள் கைகளைப் பார்த்தேன். ஸ்டீயரிங்கை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. சொல்லலாமா என்று யோசித்து, சொல்லாமல் விட்டேன். ஜோகூர் பாரு பஸ் நிலையத்தைத் தாண்டும்போது அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தாண்டியதும் மூச்சை வெளியே விட்டாள்.

அதற்கப்புறம் ரப்பர் காட்டுக்குள் சாலை ஏறி இறங்கி வளைந்து வளைந்து போனது. கொஞ்ச நேரத்தில் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. நெற்றி குளிர்ந்தது. எனக்குத்தான் இது என்று நம்பவே முடியவில்லை.

"என்னங்க, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"நிறுத்தவா?"

"வேண்டாம்."

அவள் நிறுத்தினாள். நான் இறங்கி ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். முதுகில் அவள் கை தடவிக்கொடுத்தது. இத்தனை வருடம் நான் அவளுக்குச் செய்த அதே மாதிரி, மேலிருந்து கீழாக. நிமிர்ந்தபோது டாஷ்போர்டிலிருந்த எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "என்ன மாடல்ங்க உங்களுக்கு ஒத்துக்கும்?" என்றாள்.

தோட்டத்துச் செம்மண் பாதையில் நாங்கள் திரும்பியபோது, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து முனையில் பூவம்மாவும் பக்கத்தில் தங்கராஜுவும் நின்றிருந்தார்கள். கார் நின்றது. பூவம்மா கையை நீட்டிக்கொண்டு வந்து முன்பக்கத்தைத் தொட்டாள். தடவிக்கொண்டே, "பச்சை வண்டியா வாங்கியிருக்கீங்க? நல்லாருக்கு" என்றாள். பிறகு இடப்பக்கமாக வந்தாள். நான் இறங்கி நின்றேன். இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தவள், மீசை தட்டுப்பட்டதும் விட்டுவிட்டாள்.

"மாப்ளையா? சந்திரா எங்க?"

"அம்மா, நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

"அங்க என்னடி பண்றே?"

"நான்தாம்மா ஓட்டிக்கிட்டு வந்தேன்."

பூவம்மா காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். மகள் முகத்தைப் பிடித்து, தன் நல்ல கண்ணுக்கு நேராகத் திருப்பி, ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவர்கள் அப்படியே நின்றார்கள். ரப்பர்ப் பால் வாளி தூக்கிக்கொண்டு போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். நான் பல மௌனங்களில் இருந்திருக்கிறேன். அது மாதிரி ஒன்றில் இருந்ததில்லை.

"குண்டாத்தான் ஆயிருக்கே" என்றாள் பூவம்மா. "இவன் சொன்னப்ப நான் நம்பல."

சந்திரமதி தன் அம்மா தன்னைப் பார்த்துவிட்டாள் என்று அன்றிலிருந்து நிச்சயமாக இருக்கிறாள். "வண்டி பச்சைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுதே, என்னத் தெரியாதா?" என்பாள். கார் பச்சை என்றால் அவள் சொல்வது சரி. கார் சாம்பல் என்றால், பூவம்மா அன்று கண்டது சுற்றிலும் நின்ற ரப்பர் மரங்களின் பச்சையை. மகளின் கன்னம் உருண்டிருப்பது கைக்குத்தான் தெரிந்தது, கண்ணுக்கு இல்லை. முதலில் சில வருடம் நான் சாம்பல் என்று வாதாடினேன். எதற்காக அவள் அவ்வளவு பிடிவாதமாக இருக்கிறாள் என்று ஒரு நாள் புரிந்ததும் நிறுத்திவிட்டேன். இப்போது யாராவது கேட்டால் பச்சை என்றுதான் சொல்கிறேன். சொல்லிச் சொல்லி, சில நாள் கனவில் அது பச்சையாகவே வருகிறது.

பூவம்மாவுக்கு மறுவருடம் பார்வை முழுதாகப் போயிற்று. சந்திரமதி மாதம் ஒரு தடவையாவது ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவந்தாள். காஸ்வேயில் பாஸ்போர்ட் கேட்க ஆரம்பித்ததற்கு முந்தின வருடம் பூவம்மா தோட்டத்திலேயே இறந்தாள். தங்கராஜு தோட்டத்தை விட்டு ஜோகூர் பாருவில் டயர்க் கடை வைத்தான். முத்தாயி அக்கா பழைய மார்க்கெட்டை இடித்தபோது புதுக் கட்டடத்தில் கடை எடுக்காமல் மகனோடு போய்விட்டாள். அலீம் ஜாலான் புசாரில் சொந்தமாகக் கடை போட்டு, விற்று, இப்போது பெடோக்கில் மகள் வீட்டில் இருக்கிறான், நாங்கள் இளநீர் குடித்த தோப்பு இருந்த இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில். மோரிஸை ஒரு வாத்தியாருக்கு விற்றோம். அது என்ன ஆனது என்று தெரியாது. எங்கள் மகள் சிவகாமசுந்தரி சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூட பஸ்ஸில் வாந்தியெடுத்துக்கொண்டே இருந்தாள். வயது வந்ததும் முதல் வேலையாக லைசென்ஸ் எடுத்தாள். நான் துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், இடப்பக்கம் உட்கார்கிறேன். சந்திரமதி ஒரு டொயோட்டா கொரோலா ஓட்டுகிறாள். நிறம் வெள்ளை. அதில் எங்களுக்குள் சண்டை இல்லை.